தலையசைத்து நடத்திய கச்சேரி

மலேசியாவில், ஜொகூர் மாநிலத்து ரெங்கத்தில் ஒரு கல்யாண வீட்டில், “என் மகள் கண்டக்டரா இருக்கா” என்று அம்மா பெருமையாகச் சொல்ல, பக்கத்தில் இருந்தவர் எந்த ரூட் பஸ் என்று கேட்டாராம். அன்றிலிருந்து அம்மா என்னை பியானோ டீச்சர் என்றே அறிமுகப்படுத்துகிறார். அதுவும் உண்மைதான். வார நாட்களில் ஸ்கூடாயில் என் வீட்டு முன்னறையில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். சனிக்கிழமைகளில் ஒரு சிறிய மேற்கத்திய இசைக்குழுவை, முன்னால் நின்று கையசைக்கும் கண்டக்டராக நடத்துகிறேன். என் பழைய மாணவர்கள், செனாய் தொழிற்சாலைப் பொறியாளர்கள் எனக் கலவையான கூட்டம் அது. முதல் வயலின் வாசிப்பவர் கூலாயில் கிளினிக் வைத்திருக்கும் பல் மருத்துவர்.

ஆனால் நான் படித்தது மேடையில் பியானோ வாசிக்கத்தான். சில ஆண்டுகள் வாசிக்கவும் செய்தேன். பிறகு மாணவர்கள் கூடினார்கள், இசைக்குழு அமைந்தது, வாசிப்பது எப்படியோ நின்றுபோனது. ஆகவே பியானோவும் இசைக்குழுவும் சேர்ந்து வாசிக்கும் ஒரு கான்செர்ட்டோவை எடுத்தபோது, பியானோவுக்கு என் கல்லூரித் தோழனை அழைத்தேன். அவன் இப்போது சிங்கப்பூரில் இருக்கிறான். ஒத்திகைகளில் மட்டும், கையசைப்பதை நிறுத்திவிட்டு, அவனுடைய பகுதியைத் துண்டு துண்டாக நானே ஒப்புக்கு வாசித்தேன்.

கச்சேரி கூலாயில் ஒரு பள்ளி மண்டபத்தில், ஞாயிறு மாலை. நாற்காலிகள் நிறைய ஆரம்பித்த நேரத்தில் அவன் கூப்பிட்டான்.

“ஜொகூர் பாலத்துல மாட்டிக்கிட்டேன். பள்ளி லீவு வுட்டாச்சுல்ல, மொத்த சிங்கப்பூரும் ஜொகூர் பாருக்குத்தான் வருது.”

“பஸ்ஸ விட்டு இறங்கி நடக்க முடியாதா?”

“நடந்துக்கிட்டுத்தான் பேசுறேன். ஆனா இமிகிரேஷன்ல வரிசை எவ்வளவு நீளம்னு தெரியல. நீயே வாசிச்சிடு லா. ஒத்திகையெல்லாம் நீதானே வாசிச்ச?”

“அப்ப யாரு நடத்துறது?”

“அதையும் நீயே பாத்துக்க” என்றான். இணைப்பு அறுந்துவிட்டது.

பியானோவில் உட்கார்ந்தபடியே குழுவை நடத்துவது புதிதல்ல. அந்தக் காலத்து இசையமைப்பாளர்கள் அப்படித்தான் செய்தார்கள். ஆனால் நான் செய்ததில்லை. பல் மருத்துவரிடம் போய்ச் சொன்னேன்.

“ரத்து பண்ணிடலாமா?”

“எதுக்கு டீச்சர்? நாங்க உங்களப் பாத்துத்தானே வாசிக்கிறோம். நீங்க உக்காந்திருந்தா என்ன, நின்னா என்ன?” என்றார், நோயாளியிடம் வலிக்காது என்று சொல்லும் அதே குரலில்.

பியானோவைத் திருப்ப வேண்டியிருந்தது. குழுவினர் என் முகத்தைப் பார்க்க வேண்டுமானால் நான் பார்வையாளர்களுக்கு முதுகைக் காட்டித்தான் உட்கார வேண்டும். பெரிய மூடியையும் கழற்றியாக வேண்டும், இல்லாவிட்டால் பாதிப் பேர் அதற்குப் பின்னால் மறைந்துவிடுவார்கள். மாணவர்களின் அப்பாக்கள் சட்டைக் கையை மடித்துக்கொண்டு மேடை ஏறினார்கள். பியானோவின் ஒரு சக்கரம் திரும்ப மறுத்தது. ஆளுக்கொரு யோசனை சொல்லித் தள்ளினார்கள். அதையே கச்சேரியின் முதல் உருப்படி என்று நினைத்து, முன்வரிசையில் சிலர் கைதட்டினார்கள்.

குழுவினரிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னேன். “என் கை ரெண்டும் வேலையா இருக்கும். அதனால என் தலையப் பாருங்க. தலை ஆடுச்சுன்னா வாங்க.”

தொடக்கம் நன்றாகவே போனது. நின்றுகொண்டு கையை வீசித் தொடங்கிவைத்தேன், பிறகு உட்கார்ந்தேன். விரல்கள் தாமாகவே இடம் கண்டுபிடித்தன. எனக்கே ஆச்சரியம். அந்தச் சந்தோஷத்தில் நெற்றி முடி ஒன்று கண்ணில் விழ, தலையைச் சிலுப்பி அதைத் தள்ளினேன். இரண்டாம் வயலின்காரர்கள் அத்தனை பேரும் ஒரே மூச்சில் உள்ளே நுழைந்துவிட்டார்கள், நுழைய வேண்டிய இடத்துக்கு வெகு முன்னாலேயே. நான் சொன்னதை அவ்வளவு சரியாக அவர்கள் அதற்கு முன் ஒருநாளும் கேட்டதில்லை.

பல் மருத்துவர் திரும்பி ஒரு பார்வை பார்த்தார், வில்கள் நின்றன. வாசித்துக்கொண்டிருந்த ஓட்டத்தையே நான் இன்னும் ஒரு சுற்றுச் சுற்றி, அவர்கள் மூச்சு வாங்க இடம் கொடுத்து, இந்த முறை வேண்டுமென்றே தலையை ஆட்டினேன். வந்து சேர்ந்தார்கள். கீழே ஒருவருக்கும் தெரியவில்லை. எனக்குத்தான் சிரிப்பை அடக்க முடியவில்லை. என் முகத்தைப் பார்த்து குழுவும் சிரித்தது. அதற்குப் பிறகு யாருக்கும் பயம் இல்லை. மெதுவான நடுப்பகுதியில் நான் தலையை ஆட்டவே வேண்டியிருக்கவில்லை. நான் எங்கே மூச்சு விட்டேனோ அங்கே அவர்களும் விட்டார்கள்.

முடிந்து எழுந்து திரும்பினால், வாசல் கதவருகே டீ சட்டையும் முதுகுப் பையுமாக அவன் நின்று, தலைக்கு மேல் கைகளைத் தூக்கித் தட்டிக்கொண்டிருந்தான். மேடைக்கு வரச் சொன்னேன்.

“டிரஸ் மாத்தணுமே” என்றான், அருகில் வந்து.

“அதுக்குள்ள இவங்க வீட்டுக்குப் போயிடுவாங்க. உக்காரு.”

கல்லூரியில் சாப்பாட்டு இடைவேளையில் நாங்கள் சேர்ந்து அடிக்கும் ஒரு நடன இசை உண்டு. ஒரே பியானோவில், நாலு கை. அதைத்தான் வாசித்தோம். வலப்பக்கம் எனக்கு, இடப்பக்கம் அவனுக்கு. பாலத்தில் நடந்த களைப்பையெல்லாம் அவன் அந்தத் தாழ்ந்த சுரங்களின் மேல் காட்டினான். கூட்டம் தாளம் போட்டது.

இரவு கூலாயிலேயே ஒரு மாமாக் உணவுக் கடையில் எல்லாரும் உட்கார்ந்தோம். அவன் பசியில் ரொட்டி சானாய் மேல் ரொட்டி சானாயாக வாங்கிக்கொண்டிருக்க, கச்சேரிக்கு வந்திருந்த அம்மா அவன் தட்டில் குழம்பை ஊற்றியபடி கேட்டார்.

“ஏன் தம்பி, அடுத்த தடவையும் லேட்டா வர முடியுமா? இவ வாசிச்சு நான் கேட்டு எத்தனையோ வருசமாச்சு.”

அவன் வாய் நிறைய ரொட்டியோடு சரி என்று தலையாட்டினான். நான் தேத்தாரிக் தேநீர்க் குவளையை எடுத்து முகத்தை மறைத்துக்கொண்டேன்.

இப்போது காலையில், மாணவர்கள் வருவதற்கு முன், எனக்காகவே வாசிக்கிறேன். இந்த ஆண்டுக் கச்சேரிக்கு நாங்கள் தேர்ந்தெடுத்திருப்பது இரண்டு பியானோக்களுக்கான ஒரு கான்செர்ட்டோ, அவனுக்கு ஒன்று, எனக்கு ஒன்று. இன்னொரு பியானோவை எங்கிருந்து கொண்டுவருவது என்று அப்பாக்கள் வாட்ஸ்அப் குழுவில் விவாதித்துக்கொண்டிருக்கிறார்கள்.