டொயோட்டா மூர்த்தியின் கைராசி

மொன்றியலில் கோட்-டெ-நெய்ஜ் பக்கம் தொண்ணூறுகளில் கார் வாங்கிய தமிழர்களில் பாதிப்பேர் என் கணவரைக் கேட்காமல் வாங்கியதில்லை. உருத்திரமூர்த்தி என்ற பெயர் அவருக்குக் கடிதங்களில் மட்டும்தான் இருந்தது. ஊருக்கு அவர் டொயோட்டா மூர்த்தி. கோயிலில், கல்யாண மண்டபத்தில், அரிசி வாங்கும் கடையில் எங்கே கண்டாலும், "மூர்த்தி அண்ணை, ஒரு கார் பாக்கவேணும்" என்று யாராவது பிடித்துக்கொள்வார்கள். இவருடைய முகம் அப்படியே மலர்ந்துவிடும். நான் அவருடைய சட்டையைப் பிடித்து இழுப்பேன். ஏனென்றால் இவருக்குக் கார் ஓடத் தெரியாது. இங்கே தமிழரில் அது தெரிந்த ஒரே ஆள் நான்தான்.

மட்டக்களப்பில் ஜப்பான் வாகனங்களுக்கு உதிரிப்பாகம் விற்கும் கடையொன்றில் கவுண்டரில் நின்றவர் அவர். வாகனம் பற்றிய பேச்சுக்கு அங்கே குறைவில்லை. ஒருநாள் கடை முற்றத்தில் நின்ற வான் வண்டியை நகர்த்திவிடுகிறேன் என்று ஏறியவர், முதலாளியின் மதிலில் கொண்டுபோய் முட்டினார். வாங்க வந்த சனம் முழுக்கப் பார்த்திருக்க முதலாளி திட்டித் தீர்த்துவிட்டார். அதற்குப் பிறகு ஊரில் இருந்தவரை இவர் ஸ்டியரிங் பக்கமே போகவில்லை. கனடாவுக்கு வந்த முதல் கோடையில், ஷபனெல் தெருத் தையல் ஆலையில் கூட வேலை செய்த ஹெய்ட்டிக்காரர் ஒருவர் வெறும் வாகனத் தரிப்பிடத்தில் வைத்துப் பழக்கிப் பார்த்தார். சட்டை தொப்பலாக நனைந்து இறங்கி வந்தார் இவர். "இது எனக்குச் சரிவராதுகா" என்றார் என்னிடம், எங்கள் மட்டக்களப்புப் பேச்சில். அதோடு சரி.

பழகப் போகலாம்தானே என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். தமிழில் கார் பழக்குகிற கணேசலிங்கம், கோயில் நிர்வாகத்திலும் இருந்தார். அவரிடம் போனால் வெள்ளிக்கிழமைப் பூசைக்கு முன்பே கதை மொன்றியல் முழுக்கப் பரவிவிடும். பிரெஞ்சுக்காரரிடம் போக இவருக்குப் பாஷை இல்லை. முதல் வருடமே போயிருந்தால் யாரும் ஒன்றும் நினைத்திருக்க மாட்டார்கள். எல்லாரும் அப்படிப் பழகியவர்கள்தான். ஆனால் அதற்குள் இவருக்குப் பெயர் வந்துவிட்டது. பெயர் வந்த பிறகு படிக்கப் போவது வெட்கமாகிவிட்டது. வருடம் போகப் போக அந்த வெட்கம் பருத்ததே தவிர இளைக்கவில்லை.

அப்படியானால் இவரிடம் ஏன் காரில்லை என்று யாரும் கேட்கவில்லையா? கேட்டார்கள். அதற்கும் பதில் வைத்திருந்தார். "தொண்ணூத்தி மூண்டுக் கொரோலா புது உருவத்தில வருது, அது வரட்டும்" என்றார். அது வந்தது. "புது உருவம் வந்த முதல் வருசம் வாங்கப்படாது" என்றார். பிறகு, "தொண்ணூத்தியெட்டில திரும்பவும் மாத்துறானாம், இப்ப வாங்குறவன் மடையன்" என்றார். கேட்டவர்கள், என்ன பொறுமை, என்ன ஞானம் என்று வியந்து போனார்கள். நான் அரிசி மூட்டையை இடுப்பில் அணைத்துக்கொண்டு, பனிச் சப்பாத்தோடு பஸ்ஸில் ஏறுவேன். அந்த ஞானத்தின் பாரம் எனக்குத்தான் தெரியும்.

ஆனால் ஒன்று சொல்லவேண்டும். அவர் டொயோட்டாவைப் பற்றிப் பேசினால் கேட்டுக்கொண்டே இருக்கலாம். கார் பார்க்கப் போகிறவர்களோடு கோப்பி குடித்தபடி ஆரம்பிப்பார். அந்தக் கம்பெனி காரில் தொடங்கவில்லை, தறியில் தொடங்கியது என்பார். தச்சன் ஒருவரின் மகனான சக்கிச்சி டொயோடா, தாய் தறியில் படும் பாட்டைப் பார்த்து, நூல் அறுந்தால் தானாகவே நிற்கிற தறியைச் செய்தாராம். அந்தத் தறியின் உரிமையை இங்கிலாந்துக்காரருக்கு விற்ற பணம்தான் அவருடைய மகன் கிச்சிரோ கார் செய்து பார்க்க உதவியதாம். "நாங்க ஷபனெலில மாரடிக்கிறதும் துணியோடதானே, எங்கட ஆக்கள்தான்" என்று சொல்லிச் சிரிப்பார். டொயோடா என்ற குடும்பப் பெயரை டொயோட்டா என்று மாற்றியதற்கும் காரணம் சொல்வார். ஜப்பான் எழுத்தில் எழுதும்போது எட்டுக் கோடு வருமாம், எட்டு அங்கே ராசியாம். இந்த இடத்தில் நம் ஆட்களுக்கு அந்தக் கம்பெனியோடு சொந்தமே உண்டாகிவிடும். ராசி பார்க்கிறவன் செய்த கார் கெட்டுப்போகுமா?

அடுத்ததாக அமெரிக்காக் கதை. ஐம்பத்தேழில் கிரவுண் என்ற காரைக் கப்பலேற்றிப் பெரிய எடுப்போடு அமெரிக்காவில் இறக்கினார்கள். அங்கத்தைய நெடுஞ்சாலையில் அது ஏற்றத்தைக் கண்டதும் மூச்சு வாங்கியது, சூடேறியது. கம்பெனி வீம்பு பிடிக்கவில்லை. இந்தக் கார் இந்த ஊருக்குச் சரியில்லை என்று ஏற்றுக்கொண்டு விற்பனையை நிறுத்தியது. சில வருடம் கழித்து கொரோனா என்ற நல்ல காரோடு திரும்பி வந்தது. அறுபத்தாறில் கொரோலா வந்தது. இப்போது அதே கொரோலாவை ஒண்டாரியோவில் கேம்பிரிட்ஜிலேயே செய்கிறார்கள். "ஆலையில ஒவ்வொரு தொழிலாளிக்கும் கிட்ட ஒரு கயிறு தொங்கும் மனே. பிழை கண்டா இழுக்கலாம். இழுத்தவன ஒருத்தரும் ஏசமாட்டாங்க. பிழைய மறைக்கிறதுதான் அங்க குற்றம்." மனே மனே என்று, மகனுக்குச் சொல்வதுபோல இதை அவர் சொல்லும்போது நான் குசினிக்குள் பாத்திரத்தைக் கொஞ்சம் சத்தமாகவே வைப்பேன்.

தொண்ணூற்றேழு தை மாதம் திருமாறன் வந்தான். யாழ்ப்பாணத்துப் பொடியன், எங்களுக்கு அடுத்த தெரு. மனைவி நிலக்ஷிக்கு அப்போது ஆறாம் மாதம். பிள்ளை பிறப்பதற்குள் கார் வேண்டும் என்று இரண்டு பேரும் நின்றார்கள். இவர் அவனைக் கூட்டிக்கொண்டு மெட்ரோவில் லொங்குய்ய் வரை போய், அங்கிருந்து பஸ் பிடித்து புரோசார்டில் ஒரு விற்பனை நிலையத்துக்குப் போனார். வெள்ளை நிறக் கொரோலா, ஓட்டோமெற்றிக், ஒருவர் பாவித்தது. அடியில் துரு இல்லை, பனிக்கு உப்புக் கொட்டும் தெருக்களில் அதிகம் ஓடாதது. நல்ல கார்தான். தேர்ந்தெடுப்பதில் இவர் ஒருநாளும் பிழைவிட்டதில்லை. மைனஸ் முப்பதிலும் ஒரு திருகலில் கிளம்பும் என்றார். கிளம்பியது.

சனிக்கிழமை கோயிலில் கார்ப் பூசை. எலுமிச்சம்பழத்தை நாங்கள் தேசிக்காய் என்போம். நாலு சக்கரத்துக்கு முன்னாலும் ஒவ்வொன்றாக நாலு தேசிக்காய் வைத்து, கற்பூரம் காட்டி, காரை அவற்றின்மேல் ஏற்றி நசுக்கவேண்டும். புரோசார்டிலிருந்து பாலம் தாண்டி, கோயில்வரை காரைத் திருமாறன்தான் ஓடிக்கொண்டு வந்தான். அதெல்லாம் கணக்கில் சேராது. தேசிக்காய்மேல் ஏறுவதுதான் முதல் ஓட்டம். இதற்கு முன்னும் எத்தனையோ பேர் இவரை ஏற்றச் சொல்லிக் கேட்டிருக்கிறார்கள். "சொந்தக்காரன்தான் ஏத்தவேணும்" என்று சொல்லி எப்போதும் நழுவிவிடுவார். அன்றைக்கு அது பலிக்கவில்லை.

"அண்ணை, எனக்கு இண்டைக்குச் சந்திராட்டமமாம். நான் துடங்கக்கூடாதெண்டு ஐயர் சொல்லுறார்" என்றான் திருமாறன்.

"அப்ப நிலக்ஷி ஏத்தட்டுமே மனே."

"அவவுக்கு லைசென்ஸ் இல்லை அண்ணை. நீங்கள் ஏத்துங்கோ. உங்கட கைராசிக்கு மிஞ்சி எங்களுக்கு ஆர் இருக்கினம்?"

கார்த் திறப்பை இவருடைய கையில் திணித்துவிட்டான். ஐயர் மணியை எடுத்துவிட்டார். கணேசலிங்கம் உட்பட இருபது முப்பது பேர் கற்பூரத்தைச் சுற்றிக் காரின் முன்னால் நின்றார்கள். இவர் என்னைப் பார்த்தார். தெரியாது என்று சொல்லிவிடுங்கள் என்று என் கண்ணால் கெஞ்சினேன். அவர் கதவைத் திறந்து ஏறிவிட்டார்.

ஐயர் சனத்தை விலக்கினார். இவர் கியரை இழுத்தார், பிரேக்கிலிருந்து காலை எடுத்தார். கார் பின்னால் போனது. பதறிப்போய் பிரேக்கென்று நினைத்து மற்றதை மிதித்தார். உறுமிக்கொண்டு போய்ப் பின்னாலிருந்த பனிக்குவியலில் சொருகி நின்றது. நல்லகாலம், பின்னால் ஒருவரும் இல்லை. காருக்கும் ஒன்றும் ஆகவில்லை. முன்சக்கரத்துத் தேசிக்காய் இரண்டும் வெறும் தரையில் முழுசாகக் கிடந்தன. நிலக்ஷி வயிற்றில் கையை வைத்துக்கொண்டு அவற்றையே பார்த்தபடி நின்றாள்.

திருமாறன் ஓடிப்போய்க் கதவைத் திறந்தான். "என்ன அண்ணை? கியரில ஏதும் பிழையோ?"

வழியை அவனே காட்டிக் கொடுத்தான், பாவம். இவர் நெற்றியைத் துடைத்தார். எல்லாரையும் ஒருமுறை பார்த்தார்.

"ஓம் மனே. கியர்ப் பெட்டி சரியில்ல. முன்னுக்குப் போட்டா பின்னுக்கு இழுக்குது. இத ஓடாத. ஆபத்து."

எனக்குக் காது இரண்டும் எரிந்தது. தன் உயிராக வைத்திருந்த கம்பெனியின் பெயரை, குற்றமில்லாத ஒரு காரை, தன் மானத்துக்காக நாலுபேர் முன்னால் விற்றுவிட்டார். சனமோ, "மூர்த்தி அண்ணை எண்டபடியால் நிப்பாட்டினார், வேற ஆரும் எண்டால் சனத்துக்கு மேல ஏத்தியிருப்பினம்" என்று பேசிக்கொண்டது. அவர் தலையைக் குனிந்துகொண்டு கேட்டார். அடக்கம் என்று நினைத்திருப்பார்கள்.

வீட்டுக்கு வந்ததும் பிடித்துக்கொண்டேன். "அந்தப் பொடியனுக்கு உண்மையச் சொல்லுங்க."

"சொல்லுறன்கா. ரெண்டு நாள் போகட்டும்."

இரண்டு நாளில் காரை இழுவை வண்டியில் புரோசார்டுக்குக் கொண்டுபோனார்கள். அங்கே ஒரு குறையும் இல்லை என்று சொல்லி, ஓடிக்காட்டி, திருப்பிக் கொண்டுவந்து தெருவில் விட்டார்கள். திருமாறன் நம்பவில்லை. "விக்கிறவன் அப்படித்தான் சொல்லுவான் அக்கா. மூர்த்தி அண்ணை பொய் சொல்லுவாரே? பிள்ளை பிறக்கட்டும், பிறகு வேற இடத்தில காட்டுவம். வயித்துப் பிள்ளையோட விளையாடேலாது" என்றான். கார் வீட்டு வாசலில் நின்றது. அதன்மேல் பனி விழுந்தது. உறைந்தது. திரும்பவும் விழுந்தது. இவர் வேலைக்குப் போகும்போது அந்தத் தெருவைச் சுற்றிக்கொண்டு வேறு பாதையால் போகத் தொடங்கினார். சாப்பாடு குறைந்துவிட்டது. யாராவது கார் விசயமாகத் தொலைபேசி எடுத்தால், இல்லையென்று சொல்லச் சொல்லி என்னிடம் கையைக் காட்டினார். நான் ஒவ்வொரு நாளும் கேட்டேன், ஒவ்வொரு நாளும் "நாளைக்கு" என்றார். நானே போய்ச் சொல்லிவிடலாம் என்று சப்பாத்துவரை போட்டுவிட்டுக் கழற்றியிருக்கிறேன். புருசனின் மானத்தை நானே தெருவில் போடுவதா என்று கால் எழவில்லை.

மாசி மாதக் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பகல் நிலக்ஷி தனியாக வந்தாள். திருமாறன் வேலைக்குப் போயிருந்தான். ஒரு கையில் பருத்தித்துறை வடைப் பெட்டி. மற்றக் கையில் கட்டு.

"என்ன பிள்ள கையில?" என்றேன்.

"ஆஸ்பத்திரிக்குச் செக்கப்புக்குப் போகேக்க பஸ் தரிப்பில வழுக்கி விழுந்திட்டன் அக்கா. கையை ஊண்டினபடியால் தப்பிச்சன். பிள்ளைக்கு ஒண்டும் இல்லையெண்டு ஸ்கான் பண்ணிச் சொல்லிட்டினம்." பெட்டியை இவர் பக்கம் தள்ளினாள். "இது அண்ணைக்கு. அண்ணைக்குத்தான் நன்றி சொல்லவேணும். அண்டைக்கு நீங்கள் கண்டுபிடிக்காட்டி, அந்தக் காரில போய் நாங்கள் எங்க அடிபட்டிருப்பமோ. பஸ்சில போய்க் கை உரசினதோட போச்சுது."

இவர் எழுந்தார். திரும்பவும் உட்கார்ந்தார். அவருடைய முகம் அப்படிக் கறுத்து நான் ஒருநாளும் கண்டதில்லை.

"பிள்ள, அந்தக் காரில ஒரு பிழையும் இல்ல."

"புரோசார்டில சொன்னவையோ?"

"நான் சொல்லுறன். எனக்குக் கார் ஓடத் தெரியாது. ஒருநாளும் தெரியாது. கியர மாத்திப் போட்டது நான்தான். வெக்கத்தில கார்மேல பழியப் போட்டுட்டன்."

நிலக்ஷி முதலில் சிரித்தாள், பகிடி விடுகிறார் என்று. பிறகு என்னைப் பார்த்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். சிரிப்பு அப்படியே நின்றது.

"தெரியாதெண்டு சொல்லியிருந்தா நாங்கள் எல்லாருமாச் சேர்ந்து தள்ளி ஏத்தியிருப்பமே அண்ணை" என்றாள். கொஞ்ச நேரம் கட்டுப்போட்ட கையைத் தடவிக்கொண்டிருந்தாள். அவள் குரலில் கோபம்கூட இல்லை. "அப்ப இவ்வளவு நாளும் நான் அந்தக் குளிருக்குள்ள நிண்டது உங்கட வெக்கத்துக்காகவோ?"

எத்தனை கார்க் கதை சொன்ன வாய், திறந்து திறந்து மூடியது. கட்டியவள் எனக்கே பார்க்கச் சகிக்கவில்லை. நிலம் பிளந்து என்னையும் சேர்த்து விழுங்கினால் நல்லது என்று இருந்தது.

நிலக்ஷி எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு சப்பாத்தைப் போட்டாள். நான் உதவப் போனேன். "வேண்டாம் அக்கா" என்றாள். வெளியே நடைபாதை முழுக்கக் கண்ணாடியாக உறைந்து கிடந்தது. அவள் இறங்கியதும் இவர் கோட்டுக்கூடப் போடாமல் பின்னால் ஓடினார். "கையப் பிடி பிள்ள, வழுக்கும்" என்று கையை நீட்டினார். அவள் பிடிக்கவில்லை. வேலிக் கம்பியைப் பிடித்துப் பிடித்துத் தன்பாட்டில் நடந்தாள்.

நான் யன்னலில் நின்று பார்த்தேன். அவளுக்குப் பின்னால், விழுந்தால் ஏந்திக்கொள்ள இரண்டு கையையும் விரித்தபடி, வெறும் சட்டையோடு, அவள் வைத்த அடியைப் பார்த்துப் பார்த்து அவர் போய்க்கொண்டிருந்தார். எதிரே கணேசலிங்கம் தன் பழக்குகிற காரில் மெல்ல வந்து, கண்ணாடியை இறக்கி என்னவோ கேட்டார். என் கணவர் நின்று, ஸ்டியரிங் பிடிப்பதுபோல் கையைக் காட்டி, இல்லையென்று தலையை ஆட்டிப் பதில் சொல்வது தெரிந்தது. சொல்லி முடித்துவிட்டுத் தலை நிமிராமல் நிலக்ஷிக்குப் பின்னால் நடந்தார். கணேசலிங்கம் காரை நடுத்தெருவிலேயே நிறுத்திவிட்டு, திரும்பி அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.