படத்தில் தெரியாத தாய்மாமன்

ஐம்பத்தேழு வயதில் வைத்திக்கு ஒரு லென்ஸின் மேல் ஆசை வந்தது. மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் செக்‌ஷன் ஆபீசர் அவர். தலைநகரில், மோதி பாக் குவார்ட்டர்ஸில் முதல் மாடியில் வீடு. காமிராவோடு கூட வந்த பழைய லென்ஸில் எடுத்த படங்கள் அவருக்குத் திருப்தி தந்ததே இல்லை. எதை எடுத்தாலும் பின்னால் தண்ணீர்த் தொட்டி தெரியும், ஏசி பெட்டி தெரியும், எதிர்வீட்டுக்காரர் உலர்த்திய பனியன் தெரியும்.

புதிதாக வாங்கியது ஐம்பது மில்லிமீட்டர் லென்ஸ். கைக்கு அடக்கமானது, மாதச் சம்பளக்காரர் யோசிக்காமல் வாங்கக்கூடியது. ஆனால் அதன் கண் 1.8 வரை அகலத் திறக்கும். அந்த எண் குறையக் குறையத் திறப்பு பெரிதாகும், படத்தில் தெளிவாக விழும் இடம் மெலிந்துகொண்டே போகும். கிட்டே நின்று எடுத்தால் இரண்டு விரல் ஆழம்தான் துல்லியமாக இருக்கும். அதற்கு முன்னும் பின்னும் எல்லாம் மூடுபனி. வாங்கிய அன்றே பால்கனித் துளசியை எடுத்துப் பார்த்தார். எதிர்வீட்டுப் பனியன்கள் வெண்மேகங்களாகிவிட்டன. அன்றிலிருந்து அவர் அந்த எண்ணை 1.8-ஐ விட்டு நகர்த்தவில்லை.

"என்னை எடுத்தேளே, மூக்கு நுனி மட்டும் பளிச்சுனு இருக்கு. மிச்சத்தை எங்க வெச்சேள்?" என்று கேட்டாள் மனைவி ஜலஜா.

"அதுதாண்டி கலை."

"கலையா? காடராக்ட் வந்தவா கண்ணுக்கு லோகம் இப்படித்தான் தெரியும். அவாளைக் கேட்டா ஓசியிலேயே காட்டுவா."

வைத்தி இதையெல்லாம் காதில் போட்டுக்கொள்கிறவர் இல்லை. காலனி நவராத்திரிக்கும் சீமந்தத்துக்கும் அவரைக் கூப்பிட்டு எடுக்கச் சொன்னார்கள். புரொபஷனல் மாதிரி இருக்கு மாமா என்றார்கள். அது போதுமாக இருந்தது.

அந்த வீட்டில் வேலை செய்கிறவள் செல்லம்மாள். ஆத்தூர்ப் பக்கம். கணவன் குழந்தைசாமி கட்டட வேலைக்குப் போகிறவன். ரயில் பாதையை ஒட்டிய குடிசை வரிசையில் குடியிருந்தார்கள். ஒரு நாள் பாத்திரத்தைக் கவிழ்த்துவிட்டு வந்து, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு நின்றாள்.

"சார், பாப்பாவுக்குக் காது குத்தறோம். நீங்க வந்து படம் எடுக்கணும்."

"அதுக்கென்ன, பேஷா வரேன்."

"நெறைய வேணாம் சார். எந்தம்பி மடில பாப்பா இருக்கணும், அவன் மூஞ்சி தெரியணும், சீர்த்தட்டெல்லாம் தெரியணும். அப்படி ஒண்ணு இருந்தாப் போதும்." குரலைத் தாழ்த்தினாள். "எங்கல்யாணத்தப்ப தம்பி ரவிக்குமாரு சாரத்துலேருந்து விழுந்து ஆஸ்பத்திரில கெடந்தான். சீர் வரல. எங்க மாமியா இன்னும் அதையே பேசிட்டிருக்கு. கூடப்பொறந்தவன் இல்லாத பொண்ணு, நாதியத்தவன்னு. ஊர்லேருந்து அதால வர முடியாது. படத்த அனுப்பிவிட்டா வாய மூடிக்கும்."

"அச்சா, அச்சா. கவலையே படாதே," என்றார் வைத்தி. அப்போது அவர் மனம் வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வரும் என்பதில் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை போனார். சந்தில் ஷாமியானா போட்டிருந்தார்கள். அதற்குப் பின்னால் நீலத் தார்ப்பாய் போட்ட கூரை, சாக்கடை, வரிசையாகத் தண்ணீர் டிரம்கள், ஆணியில் தொங்கிய பிளாஸ்டிக் குடம். வைத்திக்கு முதலில் பகீரென்றது. பிறகு கழுத்தில் தொங்கிய லென்ஸ் நினைவுக்கு வந்து நிம்மதியாயிற்று. இதெல்லாம் ஒன்றும் தெரியாது. பனியாகிவிடும். இந்த ஏழைகளுக்குத் தன்னால் முடிந்த உபகாரம் அது என்றே நினைத்தார்.

ரவிக்குமார் புது வேட்டி சட்டையில் மனைப்பலகையில் உட்கார்ந்திருந்தான். ஒரு கால் மடங்கவில்லை. அதை நீட்டியே வைத்திருந்தான். அவனுக்குப் பின்னால் சீர்த்தட்டுகள். பழம், பூ, பட்டுப்பாவாடை, வெள்ளிக் கொலுசு, சர்க்கரைப் பொங்கல். குழந்தையை மடியில் வைத்ததும் சுற்றியிருந்த பெண்கள் ஆளுக்கொரு மொபைலைத் தூக்கினார்கள்.

"மொபைல் எல்லாம் உள்ளே வையுங்கோ! ஃபிரேம்ல கை கையா வருது," என்று அதட்டினார் வைத்தி. "நான் எதுக்கு வந்திருக்கேன்?"

ஆபீசர் சார் சொல்லிவிட்டார் என்று எல்லாரும் உள்ளே வைத்தார்கள். ரவிக்குமார் சிரிக்காமல், கண் இமைக்காமல், காமிராவையே பார்த்தான். நேரே ஆத்தூரைப் பார்ப்பது போல ஒரு பார்வை. வைத்தி குனிந்து கிட்டே போய்க் குழந்தையின் கண்ணைக் குறிவைத்தார். ஆசாரி ஊசியை வைத்தார். குழந்தை வீறிட்டது. கண்ணோரத்தில் ஒரு சொட்டு நீர் திரண்டு நின்றது. அந்தச் சொட்டில் அவர் சொக்கிப்போனார். மேலும் கிட்டே போனார்.

பெரிய அளவில் ஒரு படம் போட்டு, மறு வாரம் செல்லம்மாள் கையில் கொடுத்தார். ஜலஜாவும் அடுப்பை அணைத்துவிட்டு வந்து பார்த்தாள்.

செல்லம்மாள் வெகுநேரம் பார்த்தாள். குழந்தையின் இமைமுடியை ஒவ்வொன்றாக எண்ணலாம். கண்ணீர்ச் சொட்டு வைரம் போல இருந்தது. குத்திய காதே லேசாகக் கலங்கித்தான் இருந்தது. காதுக்குப் பின்னால் சந்தன நிறத்தில் வட்டமாக ஒன்று. மஞ்சளும் பச்சையும் சிவப்புமாகச் சில திட்டுகள்.

"தம்பி எங்க சார்?"

வைத்தி அந்தச் சந்தன வட்டத்தின் மேல் விரலை வைத்தார். "இதோ, இதுதான்."

"சீரு?"

விரல் திட்டுகளுக்கு நகர்ந்தது. "அது வந்து... பின்னாடி இருக்கற அசிங்கமெல்லாம் தெரியப்படாதேன்னுதான் இப்படி எடுத்தேன்."

சொன்ன பிறகுதான் சொன்னது அவர் காதிலேயே விழுந்தது. ஜலஜா அவரைத் திரும்பிப் பார்த்தாள். அவள் கேலி செய்திருந்தால் தேவலையாக இருந்திருக்கும்.

"பாப்பா நல்லா இருக்கு சார்," என்று சொல்லிப் படத்தை உறையில் போட்டாள் செல்லம்மாள்.

"மத்த படத்துல இருக்கும். இரு, பார்க்கறேன்," என்று கம்ப்யூட்டரைத் திறந்தார். ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே போனார். குழந்தையின் கண், குழந்தையின் விரல், ஊசி முனை, ஒரு பூ. ரவிக்குமார் எதிலும் இல்லை. எட்டென்றோ பதினொன்றென்றோ ஒரு தடவை எண்ணைத் திருப்பியிருந்தால், காலை நீட்டி உட்கார்ந்திருந்த அவன் தலைமுதல் கால்வரை கிடைத்திருப்பான்.

"செல்லம்மா, அவனைத் திரும்ப உட்கார வெச்சு எடுத்துடலாம். நான் வரேன்."

"குத்துன காத எப்படி சார் திரும்பக் குத்தறது? அவன் லூதியானாவுக்கு வேலைக்குப் போயிட்டான். பழமெல்லாம் சந்துல பங்கு வெச்சாச்சு." அவள் குரலில் கோபமே இல்லை. அதுதான் அவரால் தாங்க முடியாததாக இருந்தது.

அன்று முழுவதும் அலுவலகத்தில் கோப்புக்கு நடுவே அந்தச் சந்தன வட்டம் வந்து நின்றது. அதற்குள் கண் இமைக்காமல் ஒருவன் உட்கார்ந்திருக்கிறான் என்பது அவருக்குத் தெரியும்.

இரண்டு நாள் கழித்துச் செல்லம்மாள் தயங்கித் தயங்கி மொபைலை நீட்டினாள். "மேல் வீட்டு அக்கா ஏணிலேருந்து எடுத்திருக்கு. நீங்க அதட்டுனப்ப அது காதுல விழல போல. கொஞ்சம் பெருசாப் போட்டுத் தர முடியுமா சார்?"

தார்ப்பாய், டிரம், குடம், சாக்கடை எல்லாம் அப்படியே தெளிவாக இருந்தன. தட்டுகளும் தெளிவாக இருந்தன. ரவிக்குமாரின் முகமும் மடியில் குழந்தையும் தெளிவாக இருந்தன. ஆனால் படத்தின் பாதியை அடைத்துக்கொண்டு ஒரு முதுகு. குனிந்ததில் சட்டை மேலேறி, பெல்ட்டுக்கு மேலே பனியன் பிதுங்கிய முதுகு. சீர்த்தட்டில் மூன்றை அது மறைத்திருந்தது. ரவிக்குமார் அந்த முதுகுக்குப் பக்கவாட்டில் தலையைச் சாய்த்து எட்டிப் பார்ப்பது போல இருந்தான்.

"ஊருக்கு அனுப்புனியா?"

"அனுப்புனேன் சார். மாமியா வாயே தொறக்கல. அப்பறம், குறுக்க நிக்கற எருமை யாருன்னு மட்டும் கேட்டுச்சு." சொன்னதும் நாக்கைக் கடித்துக்கொண்டாள். "எங்க சாருன்னு சொன்னேன். பெரிய ஆபீசர், நம்ம வூட்டு விசேஷத்துக்கு வந்தாருன்னேன்."

வைத்திக்குக் காது மடல் சுட்டது. "என்னை அழிச்சுட்டுப் போட்டுத் தரேன். கம்ப்யூட்டர்ல முடியும். மறைஞ்ச தட்டைக்கூட வரைஞ்சுடலாம்."

"ஐயோ வேணாம் சார்! வரைஞ்ச தட்டுன்னு தெரிஞ்சா மாமியா தம்பியையே வரைஞ்சதுன்னு சொல்லிடும். நீங்க அப்படியே இருங்க."

சாயந்திரம் அவரே பிரிண்ட் கடைக்குப் போனார். கடைக்காரர் திரையில் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். "இஸ் மோட்டே கோ ஹடா தூம், சாப்?" என்று அந்தத் தடியனை எடுத்துவிடட்டுமா என்ற அர்த்தத்தில் கேட்டார். முதுகுக்குச் சொந்தக்காரர் எதிரிலேயே நிற்பது அவருக்குத் தெரியவில்லை.

"ரஹ்னே தோ, பையா," என்றார் வைத்தி.

கடைக்காரர் விடுவதாக இல்லை. எடுத்துவிட்டால் படம் அழகாகிவிடும் என்றார்.

இருக்கட்டும் என்று வைத்தி மறுபடியும் சொன்னார். பிறகு, பின்னாலிருக்கும் முகம் நன்றாகத் தெரிகிறதா என்று மட்டும் பார்க்கச் சொன்னார்.