நாலு சோளமணியும் ஏழாவது பலகையும்

மூன்று வருடங்களுக்கு முந்திய ஒரு மாரிகாலம். ஜெர்மனியில் வுப்பர்டாலுக்குப் பக்கத்து நகரம் ஒன்றில், அருங்காட்சியகத்தில் துப்புரவு வேலை செய்துகொண்டிருந்தேன். அங்கே பெரு நாட்டின் வரலாற்றைப் பழங்காலத்திலிருந்து இன்றுவரை காட்டும் கண்காட்சி வந்திருந்தது. ஏழு விளக்கப் பலகைகள். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்ட நான், தூசு துடைக்கிற சாட்டில் நாளுக்கு ஒன்றாக எழுத்துக்கூட்டி வாசித்தேன். கடலோரத்துப் பிரமிட்டுகள், மலைமேல் இன்கா அரசர்கள் போட்ட பாதைகள், ஸ்பானியர் வந்து பொன்னும் வெள்ளியும் அள்ளிப்போனது, பிறகு விடுதலை. இன்றைய பெரு மக்களும் தங்கள் முன்னோரை உயிராய் மதிக்கிறார்கள் என்றது ஏழாவது பலகை.

நடுவில் ஒரு கண்ணாடிப் பெட்டி. உள்ளே முழங்காலைக் கட்டிக்கொண்டு குந்தியிருக்கும் ஒரு பெண்ணின் காய்ந்த உடல். செத்து எத்தனையோ நூற்றாண்டு.

என்னோடு வேலை செய்தவள் அதே பெருவின் மலைநாட்டுக்காரி. ஐம்பது வயதிருக்கும். வேலையில் அவளுடைய சோதனைக் காலம் இன்னும் முடியவில்லை.

ஒரு காலை, பெட்டிக்கடியில் நாலு வறுத்த சோளமணி கிடந்தது. கூட்டி அள்ளினேன். மறுநாளும் கிடந்தது. மூன்றாம் நாளும் அப்படியே. தீன் கிடந்தால் பூச்சி வரும், பூச்சி காட்சிக்கு வைத்த பழைய துணிகளைத் தின்றுவிடும், கண்டால் பதிவுக் கொப்பியில் எழுதியே ஆகவேண்டும் என்பது அங்கே விதி. எழுதாவிட்டால் என் வேலை போய்விடுமோ என்று பயந்து, இடம், நாள், எத்தனை சோளமணி என்று எல்லாம் எழுதிக் கையெழுத்தும் வைத்தேன். பிழையில்லாத ஜெர்மன் என்று உள்ளுக்குள் ஒரு பெருமை வேறு.

கமராவைப் பார்த்தார்கள். வைத்தது என்னோடு வேலை செய்தவள்தான். காட்சிப்பொருளுக்கு மரியாதை வேண்டும் என்று பொறுப்பாளர் எங்கள் எல்லோர் முன்னாலும் அவளை ஏசினார். அவள் கெஞ்சவில்லை.

"அது பொருள் இல்லை, எங்கட சொந்தம். இவ்வளவு தூரம் கொண்டுவந்து வைச்சிருக்கிறீங்கள், சாப்பிட ஒண்டும் குடுக்கேல்லையே" என்றாள்.

அன்றே வேலையால் நிறுத்திவிட்டார்கள். உடுப்பு மாற்றும் அறையில் வைத்து அவள்தான் எனக்குச் சொன்னாள். முற்காலத்தில் அவர்கள் செத்தவர்களுக்கு உடுப்பு மாற்றி, சாப்பாடு வைத்து, வீட்டு ஆட்களாகவே வைத்திருந்தார்களாம். ஸ்பானியர் அந்த உடல்களைத் தேடித்தேடி எரித்தார்களாம். கொப்பியில் எழுதியது நான் என்று அவளுக்குத் தெரியாது.

நான் உண்மையைத்தானே எழுதினேன் என்று வீட்டில் மனுசனிடம் சொன்னேன். அவர் தட்டிலிருந்து நிமிரவே இல்லை.

"அப்ப திவசத்துக்குக் உன்ரை அப்பான்ரை படத்துக்கு முன்னாலை வைக்கிற சோத்தையும் கொப்பியிலை எழுதிக் குடன்."

நெஞ்சில் குத்தியது. ஏழு பலகையும் வாசித்த எனக்கு அது ஏன் விளங்கவில்லை?

அடுத்த நாள் பொறுப்பாளரிடம் போனேன். அவள் செய்தது குற்றமென்றால் ஏழாவது பலகையைக் கழட்டுங்கோ என்றேன். அவர் சிரித்தார். பலகை பார்க்க வருகிறவர்களுக்கு, விதி வேலை செய்கிறவர்களுக்கு என்றார். முன்னோரை மதிக்கிறவர்கள் என்று எழுதிச் சனத்தைக் கூப்பிடலாமாம், அந்த மக்களில் ஒருத்தி துடைப்பத்தோடு வந்து மதித்துக் காட்டினால் அது குப்பையாம்.

ஆனால் அப்பாவின் படத்துக்குச் சோறு வைக்கும்போதெல்லாம் எனக்குப் பொறுப்பாளருடைய சிரிப்பு நினைவு வருவதில்லை. கண்ணாடிக்குள் இருந்தவளுக்கு இந்த நாட்டில் இருந்த ஒரே சொந்தத்தை வெளியே அனுப்பியது என் கையெழுத்துத்தான் என்பதே நினைவு வருகிறது.