விரத நாள் பக்கம்

மேற்குத் தாம்பரத்தில் ஒரு டாக்டரின் கிளினிக். மருந்துக் கவுண்டருக்கும் எடை மெஷினுக்கும் நடுவே ஒரு மேஜை போட்டு, உடம்பைக் குறைக்க வருகிறவர்களுக்குச் சாப்பாட்டு யோசனை சொல்வது ஃபஹீமாவின் வேலை. யோசனை கேட்க ஊரே வரும். மூன்றாம் வாரம் பாதிப் பேரைக் காணோம். "எல்லாம் ஆரம்ப சூரத்தனம்" என்று அலுத்துக்கொள்வாள். ஆனாலும் விடமாட்டாள், போன் போட்டுத் திட்டி இழுத்து வருவாள்.

2005 மே மாதம் பேங்க் ஆபீசர் ஸ்ரீநிவாசராகவன் வந்தார். நூற்று நான்கு கிலோ. மகள் ஸ்நேகாவுக்கு ஆவணியில் கல்யாணம், திருநீர்மலை மேலே, பெருமாள் சன்னிதியில். இவருக்கோ இருபது படிக்கே மூச்சு முட்டியது.

"நான் ஏறலேன்னா என் தம்பிதான் தாரை வார்த்துக் கொடுப்பான். பெத்தவன் கீழே செருப்புக்குக் காவலா?" கண் கலங்கிவிட்டது மனிதருக்கு.

"ஏறிடலாம் சார்" என்று சொல்லிவிட்டாளே தவிர, ஃபஹீமாவுக்கே அதில் நம்பிக்கை இல்லை. தின்பதையெல்லாம் எழுதிவர ஒரு நோட்டைக் கொடுத்து அனுப்பினாள்.

ஆறு வாரம் ஆயிற்று. நோட்டில் முத்து முத்தான கையெழுத்து: சாதம் ஒரு கப், கீரை, மோர், சாயந்திரம் நடை. எடை? அதே நூற்று நான்கு! மெஷின்தான் கெட்டுவிட்டதோ என்று அவளே ஏறிப் பார்த்தாள். மெஷின் நன்றாகத்தான் இருந்தது, அடக் கஷ்டமே.

அப்புறம்தான் கண்ணில் பட்டது. நடுநடுவே சில பக்கங்களில் 'விரதம்' என்று ஒரே ஒரு வார்த்தை. சனிக்கிழமை, ஏகாதசி, திருவோணம், அமாவாசை.

"அன்னிக்கு என்ன சார் சாப்பிடுவீங்க?"

"ஒண்ணுமே கிடையாது. சாதத்தைக் கண்ணால பார்க்க மாட்டேன். வெறும் பலகாரம்தான்."

"பலகாரம்னா?"

பக்கத்தில் இருந்த அவர் மனைவி பட்டு பெருமையாகச் சொன்னாள்: "காலம்பற ரவா உப்புமா. மத்தியானம் அடை ஒரு நாலு, வெல்லம், வெண்ணெயோட. ராத்திரி பூரி. பாவம், பட்டினி கிடக்கறாரேன்னு கொஞ்சம் கேசரியும் கிளறிடுவேன்."

ஃபஹீமா சிரித்த சிரிப்பில் மருந்துக் கவுண்டரே திரும்பிப் பார்த்தது. அவர் முகம் சுருங்கியதும் அவளுக்கே சங்கடமாகிவிட்டது.

"கோச்சுக்காதீங்க சார். போன நோன்பு மாசம் நானே மூணு கிலோ ஏறினேன். பகல் பூரா பட்டினி கிடந்தோமேன்னு சமோசாவும் சர்பத்தும் உள்ளே தள்ளினா வேற என்ன ஆகும்? விரதத்தை விடச் சொல்ல நான் யாரு? சனிக்கிழமை காலைல திருநீர்மலைக்குப் போங்க. முதல் வாரம் இருபது படி, வாரா வாரம் இன்னும் இருபது. படி ஏறின பிறகுதான் பலகாரம். அடை ரெண்டு. கேசரி கல்யாணத்துக்கு. நோட்டுல விரத நாள் பக்கமும் காலியா இருக்கக் கூடாது."

முதல் சனிக்கிழமை பதினெட்டாம் படியில் உட்கார்ந்துகொண்டு போனில் சண்டை பிடித்தார். "இன்னும் ரெண்டு இருக்கு" என்று வைத்துவிட்டாள் ஃபஹீமா. பட்டு மாமியோ பக்கா போலீஸ் ஆகிவிட்டாள். படிக்கணக்கு சொன்னால்தான் அடைக்குக் கல் அடுப்பில் ஏறும். கல்யாணத்துக்குள் எட்டு கிலோ இறங்கியது.

முகூர்த்தத்தன்று ஃபஹீமா அடிவாரத்தில் நின்று பார்த்தாள். பட்டு வேட்டியில் அவர் ஏறினார். ஐந்து இடத்தில் நின்றார், எங்கும் உட்காரவில்லை. தோளைப் பிடிக்க வந்த தம்பியின் கையைத் தட்டிவிட்டார். உச்சியில் திரும்பிக் கையசைத்தபோது அவளும் இரண்டு கையையும் தூக்கி ஆட்டினாள்.

கல்யாணம் முடிந்தால் கட்டு அவிழ்ந்துவிடும், இனி ஆள் வரமாட்டார் என்றுதான் நினைத்தாள். மறு சனிக்கிழமை வியர்வை காயாமல் நேரே மலையிலிருந்து வந்து நின்றார். அவர் நோட்டில் கல்யாண நாள் பக்கம்கூடக் காலியில்லை: 'லட்டு ஒன்று, கேசரி இரண்டு கரண்டி, படி முழுக்க.'

பையிலிருந்து இன்னொரு புது நோட்டை எடுத்து அவள் மேஜையில் வைத்தார்.

"அடுத்த மாசம் உங்களுக்கு நோன்பு வரதே. சமோசாவை ஒளிக்காம எழுதுங்கோ. வாரா வாரம் நான் வந்து பார்ப்பேன்."