அக்காவின் நீல அட்டையும் நான் விழுங்கிய தங்கமும்

பாச்சை உருண்டையும் புது அட்டையும் பழைய தோலும் ஒன்றாகக் கலந்தால் ஒரு வாசனை வரும். மூக்கில் ஏறியதும் தும்மல் வருகிற மாதிரி இருக்கும், ஆனால் வராது. எங்கள் சரோஜா அக்காவின் தகரப் பெட்டியைத் திறந்தால் முதலில் வந்து நிற்பது அந்த வாசனைதான். அதற்கு அடியில், தாவணிகளுக்கும் டைப்ரைட்டிங் சர்ட்டிபிகேட்டுக்கும் நடுவில், அவளுடைய நாணய ‘செட்டு’கள் இருந்தன.

தங்க வயலில் அந்த நாளில் பையன்கள் தீப்பெட்டிப் படம் சேர்த்தார்கள், சோடா மூடி சேர்த்தார்கள், கொஞ்சம் வசதியானவர்கள் தபால்தலை சேர்த்தார்கள். அக்கா சேர்த்தது நாணயம், அதுவும் உதிரி நாணயம் கிடையாது. ஒரு வரிசை முழுவதும், அது எந்த உறையில் பிறந்ததோ அந்த உறையோடு, ஒட்டிய காகிதம் ஒட்டியபடி இருந்தால்தான் அவளுக்கு அது நாணயம். உறையிலிருந்து வெளியே வந்துவிட்டால் சில்லறை. எங்கள் தொழிலாளர் வீட்டு வரிசையான லைனுக்கு மேட்டில் பங்களாவில் இருந்த ஒரு சட்டைக்கார, அதாவது ஆங்கிலோ இந்தியக் குடும்பம் ஆஸ்திரேலியா போவதற்காகச் சாமான்களை விற்றபோது, ஊரே நாற்காலிக்கும் பீங்கான் தட்டுக்கும் அடித்துக்கொண்டது. அக்கா மட்டும் ஒரு மூலையில் கிடந்த தோல் பெட்டியை வாங்கிக்கொண்டு வந்தாள். உள்ளே ஊதா வெல்வெட்டில் பள்ளம் பள்ளமாக வெட்டி, பள்ளத்துக்கு ஒன்றாக ராஜா தலை போட்ட அணாக்கள் படுத்திருந்தன. ‘செல்லாத காசுக்கு மெத்தை வேற’ என்றார் அப்பா. மனிதர்கள் ஆறு பேர் ஒரே அறையில் பாயில் படுத்திருந்த வீட்டில் அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது.

இரண்டாவது செட்டு பம்பாயிலிருந்து தபாலில் வந்தது. இங்கிலீஷ் பேப்பரில் விளம்பரம் பார்த்து, மணியார்டர் அனுப்பி, நான்கு மாதம் தபால்காரரைப் பார்த்த கண்ணோடு இருந்து அவள் வாங்கிய செட்டு. நீல அட்டை, மேலே கண்ணாடித்தாள், நடுவில் ஒரு பைசாவிலிருந்து ஒரு ரூபாய் வரைக்கும் அந்த வருஷத்துக் காசுகள், ஒரு விரல்கூடப் படாமல். அதில் ஒன்று, புதிதாக வந்த இருபது பைசா, தாமரைப்பூ போட்டது, மஞ்சளாக மின்னியது. என் சோதனைக் காலத்துக்குக் காரணமான காசு அது.

வேறு ஊரில் மஞ்சளாக மின்னினால் பித்தளை என்பார்கள். எங்கள் ஊரில் அப்படிச் சொல்லிவிட முடியாது. பூமிக்கடியில் மைல் கணக்கில் இறங்கித் தங்கம் வெட்டுகிறவர்கள் நாங்கள், ஆனால் மேலே ஒரு குன்றிமணி தங்கம் கணக்கில்லாமல் அகப்பட்டால் தொலைந்தோம். ஷிப்ட் முடிந்து கேஜில், அதாவது சுரங்கத்துக் கூண்டு லிப்டில், மேலே வருகிறவர்களைக் காதுமடலுக்குப் பின்னால்கூடத் தடவிப் பார்ப்பார்கள். ‘குண்டுமணி தங்கம் அம்ட்டுச்சின்னா வேலையும் பூடும், ஊடும் பூடும்’ என்பது அம்மா எங்களுக்குப் பாலோடு ஊட்டிய வாசகம். அம்மாவின் தாலிக்குக்கூடக் கடை ரசீது சாமி படத்துக்குப் பின்னால் பத்திரமாக இருந்தது. சிலர் வீட்டில் திருநீறு வைக்கிற இடத்தில் எங்கள் வீட்டில் ரசீது.

இவ்வளவும் தெரிந்த நான், பத்து வயதில், என்ன செய்தேன் தெரியுமா? பள்ளிக்கூடத்தில் போய்ப் பீற்றிக்கொண்டேன். பக்கத்து பெஞ்சு சேகர் தன் மாமா வாங்கிய சைக்கிளைப் பற்றி மூன்று நாளாக அளந்துகொண்டிருந்ததைத் தாங்க முடியாமல், “எங்க அக்கா பொட்டியில தங்கக் காசு கீது, கவர்மெண்டு சீல் போட்டது” என்று சொல்லிவிட்டேன். சேகர் சைக்கிளை அந்த இடத்திலேயே நிறுத்தினான். “எங்க நைனா வாட்ச்ல கீறாரு, தெரியுமில்ல?” என்றான். தெரியும். சுரங்கக் கம்பெனியின் காவல் பிரிவில் காக்கிச் சட்டை போட்டு, தங்கம் திருடுகிறவர்களைப் பிடிக்கிற முனிசாமி மாமாதான் அவன் அப்பா. சொன்ன பிறகுதான் அது என் ஞாபகத்துக்கு வந்தது. எனக்கு ஞாபகம் எப்போதும் அப்படித்தான், பஸ் போன பிறகு ஸ்டாப்புக்கு வரும்.

அடுத்த நான்கு நாள் நான் சாப்பிட்டேனா தூங்கினேனா என்று கேட்டால், இரண்டும் நன்றாகவே செய்தேன். இடையிடையே மட்டும் நடுங்கினேன். ஐந்தாம் நாள் சனிக்கிழமை மத்தியானம். அப்பா சுரங்கத்தில், அக்கா டைப்ரைட்டிங் வகுப்பில், தம்பிகள் தெருவில், அம்மா குழாயடியில். ஹீட்டரில் வேகும் பருப்பைப் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. இந்த ஹீட்டரைப் பற்றி ஒரு வார்த்தை. கம்பெனி எங்களுக்குக் கரண்டு இனாமாகக் கொடுத்தது, ஆனால் பல்புக்கு மட்டும். நாங்கள் ஒரு களிமண் வட்டில் சுருள் கம்பியைப் பதித்து, பல்பு மாட்டுகிற இடத்திலிருந்தே ஒயர் இழுத்துச் சோறே பொங்கிக்கொண்டிருந்தோம். கூடாதுதான். லைன் முழுக்க அப்படித்தான்.

கோடி வீட்டில் பூட்ஸ் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். மூன்று காக்கிச் சட்டைகள் வீடு வீடாக ஏறி இறங்கி வந்தன. முன்னால் முனிசாமி மாமா.

என் மூளை அன்றைக்கு வேலை செய்த வேகத்தில் பரீட்சைக்கு வேலை செய்திருந்தால் நான் இன்றைக்குக் கலெக்டர். அட்டையைக் கூரைமேல் எறியலாம். தகரக் கூரை, ஊருக்கே சத்தம் கேட்கும். கிணற்றில் போடலாம், எங்களுக்குப் பேத்தமங்களா ஏரியிலிருந்து குழாய்த் தண்ணீர், கிணறு கிடையாது. பருப்பில் போடலாம், அம்மா கரண்டியால் கண்டுபிடிப்பாள். கடைசியில் அக்காவின் பெட்டியைத் திறந்து, நான்கு மாதம் காத்திருந்து வந்த அந்தக் கண்ணாடித்தாளைப் பல்லால் கடித்துக் கிழித்தேன். வெள்ளைக் காசுகளை விட்டுவிட்டேன், அவை தங்கமில்லையே. மஞ்சள் காசை மட்டும் எடுத்து நாக்குக்கு அடியில் வைத்துக்கொண்டேன்.

அது நல்ல திட்டம். வாயைத் திறக்காமலிருந்தால் ஜெயித்திருக்கும். ஆனால் முனிசாமி மாமா வாசலில் நின்று, “இன்னாடா பாபு, அம்மா எங்க?” என்று அன்பாகக் கேட்டார். பெரியவர்கள் கேட்டால் உடனே பதில் சொல்ல வேண்டும் என்று வளர்த்திருந்தார்கள். “கொழாயடில” என்றேன். ‘கொழா’ வரைக்கும் காசு வாயில் இருந்தது.

அவர் உள்ளே வந்தார். பெட்டியைப் பார்க்கவில்லை. திறந்து கிடந்த பெட்டியைத் தாண்டி நேராக மூலைக்குப் போய்க் குனிந்து, சிவந்து எரிந்துகொண்டிருந்த கம்பிச்சுருளைப் பார்த்தார். “இத்த எவ்ளோ நாளா எரிச்சிக்கினு கீறீங்க?” என்றார். அவர்கள் தேடி வந்தது ஹீட்டரைத்தான். காலையிலிருந்து நான்கு லைனில் பிடுங்கியிருந்தார்கள். வெளியே வண்டியில் குவியலாகக் கிடந்தது. ஒயரைப் பிடுங்கி ஹீட்டரை அண்டாவுக்குப் பின்னால் தள்ள எனக்குத் தாராளமாக நேரம் இருந்தது. அந்த நேரத்தில்தான் நான் பித்தளையைக் காப்பாற்றிக்கொண்டிருந்தேன்.

ஆனால் அப்போது எனக்கு எதுவும் காதில் ஏறவில்லை. “மாமா, முழுங்கிட்டேன் மாமா” என்று அழுதேன்.

“இன்னாத்த?”

“தங்கத்த.”

மூன்று காக்கிச் சட்டைகளும் திறந்து கிடந்த பெட்டிப் பக்கம் திரும்பின. முனிசாமி மாமா அட்டையை எடுத்து, காலியாக இருந்த வட்டத்துக்குக் கீழே அச்சடித்திருந்ததை எழுத்துக் கூட்டிப் படித்தார். “டேய், இது இருவது பைசாடா” என்றார். பிறகு கூட வந்தவரிடம், “இவன் சொன்னத்துக்குத்தான் எங்க ஊட்டுப் பையன் நாலு நாளா என்னிய தூங்க உடல” என்று சொல்லிக்கொண்டே ஹீட்டரைத் தூக்கிக்கொண்டு போனார். வேகாத பருப்பை எங்களுக்கு விட்டுவிட்டார்.

வாழைப்பழம் கொடுத்துக் காத்திருக்கச் சொன்னார்கள் ஆஸ்பத்திரியில். அப்பா விஷயம் கேட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் சிரித்தார். “தங்கம் வெட்டறவன் ஊட்ல பித்தள முழுங்கறதுக்கு ஒரு புள்ள” என்றார். சுரங்கத்தின் ஆழத்தை லெவல் லெவலாக எண்ணுகிறவர் அவர்; ஷிப்ட் முடிந்து வரும்போதெல்லாம், செருப்பைக் கழற்றுமுன், “இன்னிக்கு எந்த லெவல்ல கீது?” என்று கேட்பார். அக்கம்பக்கத்தவர்களும் கேட்டார்கள். மூன்றாம் நாள் காலை அது மேலுலகம் வந்து சேர்ந்தது. விவரம் வேண்டாம்.

இதுவரைக்கும் எல்லோரும் சிரித்துக்கொண்டுதான் இருந்தோம், அக்காவைத் தவிர. அவள் என்னை அடிக்கவில்லை, திட்டவும் இல்லை; கிழிந்த அட்டையைப் பெட்டிக்குள் வைக்காமல் அலமாரி மேலே வைத்திருந்தாள். அம்மாவுக்கு மனசு கேட்கவில்லை. மகளைச் சமாதானப்படுத்த வேண்டுமே என்று, வந்து சேர்ந்த காசையும் அட்டையிலிருந்த மற்றக் காசுகளையும் தட்டில் கொட்டி, புளியும் சாம்பலும் போட்டுத் தேங்காய் நாரால் தேய்தேய் என்று தேய்த்து, கண் கூசுகிற மாதிரி ஆக்கி, “பாரு, புச்சு கணக்கா கீது” என்று அவள் முன்னால் நீட்டினாள். அக்கா தட்டைப் பார்த்தாள். அப்போதுதான் அழுதாள்.

“இந்த ஊட்ல எல்லாத்தையும் எல்லாரும் தொடறாங்கமா. ஒண்ணாவது யார் கையும் படாம இருக்கட்டும்னு பார்த்தேன்” என்றாள்.

அம்மாவுக்கு அது புரிந்ததா என்று தெரியவில்லை. எனக்குப் பாதி புரிந்தது. அவள் சீப்பில் நாங்கள் தலை வாரினோம். அவள் போர்வையில் இரண்டு தம்பிகள் படுத்தார்கள். அவளுக்கு வரும் கடிதத்தை லைனே படித்தது. அந்த நீல அட்டை அளவுதான் அவளுக்கென்று இடம் இருந்தது, அதை நான் பல்லால் கிழித்திருந்தேன். மறுநாள் அவள் மஞ்சள் காசை என் கையில் கொடுத்துச் செலவழித்துவிடச் சொன்னாள். ஆண்டர்சன்பேட்டைக் கடைக்காரர் அதை வாங்கி, எங்கள் ஊர் வழக்கப்படி, தங்கமோ என்று ஒரு கடி கடித்துப் பார்த்துவிட்டுக் கல்லாவில் போட்டார். அதன் பூர்வீகத்தை நான் அவரிடம் சொல்லவில்லை.

இப்போது சுரங்கத்தை மூடிவிட்டார்கள்; ஷிப்டுக்குச் சங்கு ஊதுவதில்லை, கேஜ் ஓடுவதில்லை. இனாம் கரண்டு போய் மீட்டர் வந்துவிட்டது. ஹீட்டர் வைத்தால் யாரும் கேட்பதில்லை, யாரும் வைப்பதுமில்லை. எங்கள் லைனில் பாதி வீடு பூட்டிக் கிடக்கிறது, மீதிப் பாதி என்னைப் போலக் காலை ரயிலில் பெங்களூருக்குப் போய் ராத்திரி திரும்புகிறது. போன மாதம் அங்கே ஒரு நாணயக் கண்காட்சியில் அதே வருஷத்து நீல அட்டையைப் பார்த்தேன், கண்ணாடித்தாள் கசங்காமல். வாங்கினேன்; விலையை என் மனைவியிடம் பாதியாகச் சொன்னேன். கிழித்துவிடுவேனோ என்ற பயத்தில், அக்கா வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றே போனேன்.

அக்கா பெங்களூரில் மூன்றாவது மாடியில் இருக்கிறாள். அத்தான் காலமாகிவிட்டார், பிள்ளைகள் இருவரும் வெளிநாட்டில். மூன்று அறை, எல்லாம் வைத்தது வைத்த இடத்தில். அட்டையை வாங்கி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள். அவள் எங்கே பத்திரப்படுத்துவாள் என்று நான் அலமாரிகளைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, கட்டைவிரல் நகத்தால் கண்ணாடித்தாளை ஓரத்தில் கீறி, சரக்கென்று இழுத்துவிட்டாள். என் வாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அதை நான் இங்கே எழுதப்போவதில்லை.

“இன்னாத்துக்குடா கத்தற?” என்றாள். “இந்த ஊட்ல எதையுமே யாரும் தொடறதில்ல.”

காசுகளை மேஜைமேல் கொட்டினாள். மஞ்சள் காசை எடுத்துக் கொஞ்ச நேரம் உள்ளங்கையில் வைத்திருந்துவிட்டு, அந்தச் சூட்டோடு என் பக்கம் நீட்டினாள்.

“புடிச்சிப் பாரு. வாயில மட்டும் போட்டுக்காத.”