நான்காவது செம்பருத்தி

பீர்க்கன்கரணையில் நான் குடியிருக்கும் வீட்டின் மொட்டை மாடியில் நான்கு செம்பருத்தித் தொட்டிகள் வைத்திருக்கிறேன். போன மாதம் நான்கிலும் வெள்ளைப் பஞ்சு போல மாவுப்பூச்சி. கீழ்வீட்டில் இருக்கும் வீட்டுக்கார அக்காவின் கறிவேப்பிலையிலும் அதே வெள்ளைப் பஞ்சு தெரிந்த அன்று, அவர் மூச்சிரைக்க மேலே ஏறி வந்தார்.

"ஞாயித்துக்கிழமைக்குள்ள இது போவலன்னா தொட்டி நாலையும் இறக்கிடும்மா. சொல்லிட்டேன்."

ஆறு நாள் இருந்தது. தெரிந்தவர்கள் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். மென்பொருளைச் சோதித்துப் பிழை கண்டுபிடிப்பது என் வேலை. எல்லாவற்றையும் ஒன்றாக ஊற்ற மனம் வரவில்லை. தொட்டிகளில் எண் ஒட்டினேன். ஒன்றுக்கு வேப்பெண்ணெயும் சோப்பும். இரண்டுக்குப் புளித்த மோர். மூன்றுக்குப் பூண்டும் பச்சை மிளகாயும் அரைத்த கரைசல். நான்குக்கு வெறும் தண்ணீர், அதே தெளிப்பானால், அதே அளவு. மருந்தில்லாமல் என்ன ஆகிறது என்று தெரியாவிட்டால் மருந்து என்ன செய்தது என்று எப்படிச் சொல்வது?

வீட்டிலிருந்துதான் வேலை என்பதால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. இரண்டு மீட்டிங்குக்கு நடுவில் படியேறி இலைகளைத் திருப்பிப் பூச்சிகளை எண்ணுவேன். இறங்கியதும் சரியாக எண்ணினேனா என்று சந்தேகம் வரும். மறுபடி ஏறுவேன்.

ஐந்தாம் நாள் ஒன்றாம் எண் தொட்டியில் பூச்சி பாதியாகியிருந்தது. மோரும் பூண்டும் நாற்றத்தைத் தவிர எதையும் தரவில்லை. நான்காவதில் ஒரு பூச்சிகூட இல்லை. வெறும் தண்ணீருக்கா இது? குனிந்து மோந்தேன். பெருங்காய வாசனை.

கீழே போய்க் கேட்டேன்.

"ஆமா, நான்தான் ஊத்துனேன்" என்றார் அக்கா. "மூணுக்கு மருந்து குடுத்துட்டு அதுக்கு மட்டும் பச்சத் தண்ணி. நோயாளிகிட்ட ஓரவஞ்சனை பண்ணலாமா?"

"என்னக்கா ஊத்துனீங்க?"

"வேப்பெண்ண, மோரு, பெருங்காயம், மஞ்சத்தூளு... கையில கெடச்சது எல்லாம். ஒரு துணியால தொடச்சும் வுட்டேன். இப்ப பாரு, என் செடி எப்டி கீது!"

என் நான்காவது தொட்டி அதற்குள் அவர் செடியாகிவிட்டது. பூச்சியைக் கொன்றது எண்ணெயா, துணியா? கேட்டால் சிரிப்பார்.

ஞாயிற்றுக்கிழமை அவர் தொட்டிகளை இறக்க வரவில்லை. ஒரு பிளாஸ்டிக் மக் நிறைய மஞ்சள் கலவையோடு வந்தார். மற்ற மூன்றுக்கும் ஊற்றித் துடைத்தார். நான் தடுக்கவில்லை. தொட்டிகள் தப்பித்தன. என் கேள்விக்குத்தான் பதில் இல்லை.

அவர் ஊற்றுவதற்கு முன்பே, இரண்டாவது தொட்டியிலிருந்து பூச்சியுள்ள கிளை ஒன்றை நறுக்கி என் குளியலறை ஜன்னலில் பாட்டிலில் வைத்துவிட்டேன். மருந்தே இல்லை, வெறும் தண்ணீர். பதினொரு பூச்சிகள். காலையில் எண்ணுகிறேன், மாலையில் எண்ணுகிறேன்.

நேற்று அக்கா படியில் நிறுத்திக் கேட்டார்: "உள்ள ஏதாச்சும் செடி வெச்சிகினு கீறியா?"

"இல்லக்கா" என்றேன்.


இன்று காலை ஜன்னலைச் சாத்திவிட்டுத்தான் எண்ணினேன்.