ஹெலன் சிஸ்டரின் சிரிப்பு

குளியலறைக் குழாய் கொட்டும் சத்தத்தையும் மீறி விசும்பல் கேட்டது. தன் வீட்டு முன்னறையில் ஹெலனுக்கு உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை.

உள்ளே அழுதவள் ஜெனிபர். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒப்பந்த வேலை பார்ப்பவள். ஆபரேஷன் செய்து பெற்ற குழந்தை இன்னும் தவழ்கிறது. அதற்குள் இன்னொன்றை அவள் உடம்பு தாங்காது. மாத்திரை தலைசுற்றலில் முடிந்தது, காப்பர்-டி உதிரப்போக்கில். "ஒடம்பக் கவனிச்சே தள்ளிப் போடலாமாமே, சொல்லிக் குடுங்க சிஸ்டர்" என்று பொங்கல் முடிந்த கையோடு சுகாதார நிலையத்தில் வந்து கேட்டாள்.

டாக்டர் வரதன் முந்திக்கொண்டார். "அதுக்குப் பேரு கட்டுப்பாடு இல்லம்மா, அடுத்த பிரசவத்துக்கு அட்வான்ஸ் புக்கிங்."

எல்லோரும் சிரித்தார்கள். ஹெலனும் சிரித்தாள்.

அந்தச் சிரிப்புதான் இப்போது அவளை உறுத்தியது. கல்யாணமான புதிதில், சோழவரம் மாதா கோயிலில் தம்பதிகளுக்கு நடந்த வகுப்பில் உடம்புச் சூட்டைப் பார்த்துச் சேராத நாட்களைக் கணிக்கும் அந்த முறையைக் கற்றுத்தான் அவளும் ஸ்டீவனும் இரண்டு பிள்ளைகளுக்கு நடுவே இடைவெளி விட்டார்கள். நர்ஸ் வேலையில் தலை நரைத்தும், ஒருத்தியிடம்கூட அதைச் சொன்னதில்லை. டாக்டர் வாயில் விழ யாருக்குத் துணிச்சல்?

ஜெனிபர் வெளியே வந்து சிறுநீர்க் குப்பியை நீட்டினாள். ஹெலன் கர்ப்பப் பரிசோதனை அட்டையில் சொட்டு விட்டாள்.

"நீங்க சொல்லலன்னு போன்ல பாத்துக் கத்துக்கினேன். தெனம் காலைல டெம்பரேச்சர் பாத்தேன்."

"காலைல எப்போ?"

"நைட் ஷிப்ட் முடிச்சு, கம்பெனி பஸ்ஸ உட்டு எறங்குனதும்."

ஹெலன் நெற்றியில் அடித்துக்கொண்டாள். "நல்லா தூங்கி எழுந்து, படுக்கைய உட்டு எறங்கறதுக்கு முன்னால பாக்கணும்டி. ராவெல்லாம் நின்னு வேல செஞ்ச ஒடம்பு இன்னாத்த காட்டும்?"

"அத்த யாரு எனக்கு சொன்னாங்க?"

அட்டையில் ஒரு கோடு விழுந்தது. இரண்டாவது வரவில்லை. ஜெனிபர் சுவரில் சாய்ந்து மூச்சு விட்டாள்.

"இப்ப இல்ல. அடுத்த வாரமும் தீட்டு வரலன்னா மறுபடி பாக்கணும்" என்றாள் ஹெலன். "ஷிப்ட் மாறிக்கினே இருந்தா டெம்பரேச்சர மட்டும் நம்பக்கூடாது. வெள்ளை எப்படி வருதுன்னும் பாக்கணும். முழுசா கத்துக்கற வரைக்கும் உங்கூட்டுக்காரர ஆணுறை போடச் சொல்லு. ஞாயித்துக்கெழம ரெண்டு பேரும் வாங்க. நானும் ஸ்டீவனும் இப்படித்தாண்டி இருந்தோம்."

ஜெனிபர் அவளையே பார்த்தாள். "தெரிஞ்சுக்கினேதான் அன்னிக்கு சிரிச்சியா யக்கா?"

ஹெலன் தலை குனிந்தாள்.

"எனக்கு இங்க சொல்லிட்ட. நாளைக்கு இன்னொருத்தி வந்து கேப்பா. டாக்டர் எதுர்ல சொல்லுவியா?"

"சொல்றேன்." குரல் அவளுக்கே கேட்கவில்லை.

ஜெனிபருக்கும் கேட்டிருக்காது. செருப்பை மாட்டிக்கொண்டு படி இறங்கிவிட்டாள். ஹெலன் மெல்லக் கதவைச் சாத்தினாள்.